டிக்கெட் மலிவானால் கார் வீட்டில் நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஒன்பது யூரோ கொடுத்தால் ஒரு மாதம் நாடு முழுக்கச் சுற்றலாம் என்ற செய்தி 2022 கோடையில் நம்மூர் வரை வந்து சேர்ந்தது. அது முதல் என்னிடம் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள், இங்கே நகரப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள், காரை விட்டு இறங்க மனமில்லாத உறவினர்கள் என எல்லாத் தரப்பும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

அந்த ஒன்பது யூரோ டிக்கெட் என்பது என்ன? எதில் எல்லாம் ஏறலாம்?

2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களுக்கு மட்டும் விற்கப்பட்ட மாதப் பாஸ் அது. மாதத்துக்கு 9 யூரோ, அன்றைய மதிப்பில் எழுநூற்றுச் சொச்சம் ரூபாய். நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், புறநகர் ரயில், வட்டார ரயில் என்று நாட்டின் எந்த மூலையிலும் ஏறலாம். அதிவேக ஐ.சி.இ. போன்ற தொலைதூர ரயில்களில் மட்டும் செல்லாது. ஹாம்பர்கிலிருந்து மியூனிக் வரை வட்டார ரயில்களில் மாறி மாறிப் போகும் பொறுமை இருந்தால் அதற்கும் இதே பாஸ் போதும்.

சுமார் 5 கோடியே 20 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. இதைப் பலர் ஆள்கணக்காக எடுத்துக்கொண்டு வியக்கிறார்கள். மூன்று மாதமும் வாங்கியவர் இதில் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறார். ஏற்கெனவே சந்தா வைத்திருந்த சுமார் ஒரு கோடிப் பேருக்கு அந்தச் சலுகை தானாகக் கிடைத்தது. அவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சுற்றுச்சூழலுக்காகத்தான் கொண்டுவந்தார்களா?

முதல் காரணம் விலைவாசி. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் எரிபொருள் விலை எகிறியது. மக்களின் கைச்செலவைக் குறைக்க அரசு அறிவித்த நிவாரணங்களில் இந்த டிக்கெட்டும் ஒன்று. அதே மூன்று மாதங்களில் பெட்ரோல் வரியை லிட்டருக்குச் சுமார் 35 சென்ட்டும், டீசல் வரியைச் சுமார் 17 சென்ட்டும் குறைத்தார்கள். அதாவது ரயிலில் போகிறவருக்கும் சலுகை, கார் ஓட்டுகிறவருக்கும் சலுகை. காரைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இப்படி இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்திருக்க மாட்டார்கள். பின்னால் வரும் பதில்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் அது கிடைக்கிறதா?

ஒன்பது யூரோவுக்குக் கிடைக்காது. 2023 மே 1 முதல் அதன் தம்பியான ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ நடப்பில் இருக்கிறது. தொடக்க விலை மாதம் 49 யூரோ. 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியில் 63 என்று ஏறியிருக்கிறது. இது மாதச் சந்தா, எந்த மாதம் வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நிறுவனம் தன் ஊழியருக்குக் குறைந்தது 25% பங்களித்தால் மேலும் 5% தள்ளுபடி உண்டு. சந்தாதாரர்கள் 1 கோடியே 30 லட்சத்தைத் தாண்டியிருக்கிறார்கள்.

விலையைவிட இதன் எளிமையை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு முன் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிக் கட்டணம், தனி மண்டலம், தனி இயந்திரம். பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டினால் வேறு சீட்டு. படித்தவர்களே அந்த வரைபடங்களின் முன் விழித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தத் தலைவலி ஒரே நாளில் போயிற்று.

கட்டணத்தைக் குறைத்தால் கூட்டம் கூடுமா?

கூடும். இதில் ஐயமே வேண்டாம். போக்குவரத்துத் திட்டமிடுவோர் பல காலமாக வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: கட்டணம் 10% குறைந்தால் பயணங்கள் சில மாதங்களில் 3 முதல் 4% வரை கூடும். கட்டணத்தைத் திடீரென்று ஒன்பது யூரோவாகச் சரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் புள்ளிவிவர அலுவலகம் ஒரு விடை வைத்திருக்கிறது. 2022 ஜூனில் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரயில் பயணங்கள், பெருந்தொற்றுக்கு முந்தைய 2019 ஜூனைவிட 42% அதிகம்.

கூட்டம் கூடியது என்றால் கார் குறைந்தது என்றுதானே பொருள்?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். புதிதாக ரயிலில் ஏறிய நூறு பேரை நிறுத்தி, “இந்த டிக்கெட் இல்லாவிட்டால் இன்று என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேட்க வேண்டும். சிலர் காரில் வந்திருப்பார்கள். சிலர் சைக்கிளில் வந்திருப்பார்கள், சிலர் நடந்திருப்பார்கள். சிலர் முழு விலை கொடுத்து இதே ரயிலில் வந்திருப்பார்கள். மிச்சமுள்ளவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். வெயில் நன்றாக அடிக்கிறது, டிக்கெட்டும் கையில் இருக்கிறது, கடலைப் பார்த்துவிட்டு வரலாமே என்று கிளம்பியவர்கள் அவர்கள். இவர்களில் முதல் வகையினர் மட்டும்தான் கரிம உமிழ்வுக் கணக்கில் வரவு வைக்கத் தக்கவர்கள்.

ஜெர்மன் போக்குவரத்து நிறுவனங்களின் சங்கம் எடுத்த ஆய்வின்படி, ஒன்பது யூரோ டிக்கெட்டில் நடந்த பயணங்களில் சுமார் 10% கார் பயணத்துக்குப் பதிலாக நடந்தவை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் வட்டாரத்தில் ஆட்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட முதற்கட்ட முடிவு இன்னும் முகத்தில் அடிப்பது: பேருந்தையும் ரயிலையும் முன்னைவிட அதிகம் பயன்படுத்தியவர்கள் சுமார் 35%, காரை முன்னைவிடக் குறைவாக எடுத்தவர்கள் சுமார் 3%.

ரயில் நிறைவதும் சாலை காலியாவதும் வேறு வேறு நிகழ்வுகள். முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டதாக அறிக்கை விடுகிறவர்களை நம்பாதீர்கள்.

அப்படியானால் பயனே இல்லை என்கிறீர்களா?

இல்லை. பத்தில் ஒன்று என்பது சதவீதமாகச் சிறிதாகத் தெரிந்தாலும், கோடிக்கணக்கான பயணங்களில் பத்தில் ஒன்று என்று பாருங்கள். அதே சங்கத்தின் மதிப்பீட்டில் அந்த மூன்று மாதங்களில் மிச்சமான கார்பன் டை ஆக்சைடு சுமார் 18 லட்சம் டன். பின்னால் வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட்டை, கைப்பேசி நகர்வுத் தரவுகளை வைத்து பெர்லினின் மெர்க்காட்டர் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. முதல் ஆண்டில் சுமார் 67 லட்சம் டன் குறைந்திருக்கும் என்று 2024-ல் சொன்னது. இதைவிட மிகக் குறைவாக மதிப்பிட்ட ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியின் போக்குவரத்து முழுவதும் சேர்ந்து 2023-ல் உமிழ்ந்தது சுமார் 14 கோடியே 60 லட்சம் டன். ஆக, மிகத் தாராளமான மதிப்பீட்டின்படியும் இது இருபதில் ஒரு பங்குக்கும் கீழே.

சும்மா தள்ளிவிடக் கூடிய அளவும் இல்லை. பருவநிலைச் சிக்கலைத் தீர்த்துவிட்டோம் என்று மார்தட்டக் கூடிய அளவும் இல்லை.

கார் வைத்திருப்பவர் ஏன் மாற மாட்டேன் என்கிறார்? பெட்ரோல் இந்த விலை விற்கிறதே!

காரின் செலவில் பெரும்பகுதி, கார் வாசலில் நிற்கும்போதே போய்விடுகிறது. வாங்கிய விலை, கடன் தவணை, காப்பீடு, வரி, ஆண்டுக்கு ஆண்டு குறையும் மதிப்பு. இதையெல்லாம் ஒருமுறை கட்டியாகிவிட்டது. காலையில் சாவியைக் கையில் எடுக்கும்போது அவர் மனதில் ஓடும் கணக்கு பெட்ரோலும் பார்க்கிங்கும் மட்டும்தான். அந்தக் குறுகிய கணக்கில் டிக்கெட் எவ்வளவு மலிவானாலும் பெரிய லாபம் தெரியாது. குடும்பமாகக் கிளம்பினால் இன்னும் மோசம். டாய்ச்லாண்ட் டிக்கெட் ஆளுக்கு ஒன்று. பெரியவர்கள் நால்வர் என்றால் 252 யூரோ. காரில் நாலு பேர் போனாலும் ஒருவர் போனாலும் பெட்ரோல் ஏறக்குறைய அதேதான்.

பணத்தைவிட வலுவான காரணம் நேரம். வீட்டிலிருந்து அலுவலகம் காரில் 25 நிமிடம், இரண்டு பேருந்து மாறினால் 70 நிமிடம் என்றால் அந்த 45 நிமிட வித்தியாசத்தை எந்தத் தள்ளுபடியும் ஈடுகட்டாது. நாளும் போக வர ஒன்றரை மணி நேரத்தை ஒருவர் விலைக்கு வாங்குகிறார். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை. ஆனால் டிக்கெட்டின் உண்மையான வெற்றி வேறொரு இடத்தில் இருக்கிறது: இரண்டாவது கார் வாங்கலாமா என்று யோசிக்கும் வீட்டிலும், முதல் வேலையில் சேர்ந்து கார்க் கடனுக்கு விண்ணப்பிக்கப்போகும் இளைஞரிடமும். வாங்காத காருக்குத் தவணை இல்லை, சாவியும் இல்லை. இந்தப் பலன் தெரிய ஆண்டுகள் பிடிக்கும்; மூன்று மாதச் சோதனையில் தெரியவே தெரியாது.

எங்கள் ஊருக்கு நாளைக்கு இரண்டு பஸ்தான். டிக்கெட் மலிந்தால் எனக்கு என்ன?

ஒன்றுமில்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிடுவதே நல்லது. ஜெர்மனியிலும் பள்ளி நேரத்துக்கு மட்டும் பேருந்து வந்துபோகும் கிராமங்கள் நிறைய. அங்கே இருப்பவர்கள் கேட்டதும் இதையேதான்: எங்கள் வரிப் பணத்தில் பெர்லின்காரர்கள் சுற்றுவதா?

வியன்னாவில் ஒரு நாளைக்கு ஒரு யூரோ டிக்கெட் பெரிய வெற்றி என்கிறார்களே?

வியன்னா வெற்றிதான். காரணத்தை மட்டும் தவறாகச் சொல்கிறார்கள். 2012 மே மாதம் அங்கே ஆண்டுப் பாஸ் விலை 449 யூரோவிலிருந்து 365 யூரோவாகக் குறைந்தது. 2011-ல் சுமார் 3 லட்சத்து 63 ஆயிரமாக இருந்த பாஸ்கள் 2019-ல் எட்டரை லட்சத்தை எட்டின. நகரில் பதிவான கார்களைவிடப் பாஸ்கள் அதிகம் என்ற நிலை வந்தது. கேட்கவே இனிக்கிறது.

இப்போது எல்லாப் பயணங்களிலும் பொதுப் போக்குவரத்தின் பங்கைப் பாருங்கள். 1993-ல் 29%. 2012-ல், மலிவுப் பாஸ் வந்த அந்த ஆண்டில், சுமார் 39%. 2019-ல் சுமார் 38%. காரின் பங்கும் அப்படியே: 1993-ல் 40% இருந்தது 2012-க்குள் 27 சதவீதத்துக்கு அருகில் வந்து, பிறகு பெரிதாக அசையவில்லை. பெரிய மாற்றம் விலை குறைவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அதைச் செய்தவை சுரங்க ரயில் விரிவாக்கம், சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்ற அடர்த்தி, 1993-ல் முதல் வட்டாரத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பரவிய பார்க்கிங் கட்டணம். 2022 மார்ச்சில் அந்தக் கட்டணம் நகரம் முழுமைக்கும் வந்துவிட்டது.

மலிவுப் பாஸ் என்ன செய்தது? வந்தவர்களைத் தக்கவைத்தது, அவ்வப்போது சீட்டு வாங்கியவர்களை நிரந்தர வாடிக்கையாளர்களாக்கியது. நல்ல வேலைதான். ஆனாலும் 2026 முதல் அந்தப் பாஸின் விலை 460 யூரோவைத் தாண்டிவிட்டது.

அரைகுறையாக எதற்கு? முழுக்க இலவசமாக்கிவிடலாமே?

லக்சம்பர்க் செய்துவிட்டது. 2020 மார்ச் முதல் அங்கே பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாம் எல்லோருக்கும் இலவசம், சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்து. அவர்களால் முடிந்ததற்கு எளிய காரணம், டிக்கெட் வருமானம் இயக்கச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விட்டுக்கொடுக்கப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. அதே லக்சம்பர்க்தான் இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆள்வீதம் கார் அதிகமுள்ள நாடுகளில் முன்னணியில் நிற்கிறது.

எஸ்தோனியாவின் தலைநகர் தாலின் இன்னும் பழைய சோதனை. 2012-ல் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2013 ஜனவரி 1 முதல் நகரில் பதிவு செய்து வாழ்பவர்களுக்கு இலவசமாக்கினார்கள். ஓராண்டுக்குப் பின் எடுத்த ஆய்வில் பொதுப் போக்குவரத்துப் பயன்பாடு 14% கூடியிருந்தது, காரின் பங்கு 5% குறைந்திருந்தது. நடையின் பங்கு 40% சரிந்திருந்தது! இரண்டு நிறுத்தத் தூரம் நடந்து கொண்டிருந்தவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மேலே சொன்ன நூறு பேர் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? போதாக்குறைக்கு, காரில் போனவர்கள் முன்னைவிட நீண்ட தூரம் போகத் தொடங்கியிருந்தார்கள்.

பெல்ஜியத்தின் ஹாசல்ட் நகரம் 1997-ல் பேருந்தை இலவசமாக்கியது. ஆண்டுக்குச் சில லட்சமாக இருந்த பயணங்கள் சுமார் 40 லட்சத்தைத் தொட்டன. செலவு தாங்காமல் 2013-க்குப் பிறகு கட்டணம் திரும்பி வந்தது. கையில் நூறு ரூபாய் மானியம் இருக்கிறது. அதைக் கட்டணத்தைக் குறைக்கச் செலவிடுவதா, கூடுதல் பேருந்து விடுவதா என்று என்னிடம் கேட்டால், காரைக் குறைப்பதுதான் குறிக்கோள் என்ற நிலையில், கூடுதல் பேருந்துக்கே என் வாக்கு.

காலிப் பேருந்து ஓடினால் காரைவிட அதிகப் புகைதானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.65 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ. நகரப் பேருந்து லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 660 கிராம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் ஒருவர் தனியாகப் போனால் சுமார் 153 கிராம். ஆக, பேருந்தில் ஐந்து பேர் இருந்தாலே தனி ஆள் காரை அது முந்திவிடுகிறது. நாற்பது பேர் என்றால் தலைக்கு 16, 17 கிராம்தான்.

இன்னொன்று: அந்தப் பேருந்து எப்படியும் ஓடப்போகிறது. அதில் நீங்கள் ஏறுவதால் கூடும் புகை மிகச் சொற்பம். உங்கள் கார் நீங்கள் எடுத்தால்தான் ஓடும்.

நம்மிடம் கார் எங்கே இருக்கிறது? எல்லோரும் பைக்தானே?

சரியான கேள்வி. ஐரோப்பியக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டுகிறவர்கள் கோட்டை விடும் இடமும் இதுதான். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக் கிலோமீட்டருக்கு 46 கிராம்தான் வெளியிடுகிறது. மேலே போட்ட கணக்கின்படி, பேருந்தில் பதினைந்து பேராவது இருந்தால்தான் பைக்கை அது வெல்லும். சென்னையிலோ மதுரையிலோ பேருந்தில் பதினைந்து பேர் சேர்வது ஒரு பிரச்சினையே இல்லை என்பது வேறு விஷயம்.

நம் சிக்கல் திசையில் இருக்கிறது. பேருந்திலிருந்து பைக்குக்கும், பைக்கிலிருந்து காருக்கும் மக்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மானியரைக் காரிலிருந்து இறக்க வேண்டும். நம்மவரை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாங்காத காரைப் பற்றி முன்பு சொன்னது இங்கே இன்னும் வலுவாகப் பொருந்தும்.

தமிழ்நாட்டில் மகளிருக்கு இலவசப் பேருந்து விட்டார்களே, அதனால் எத்தனை கார் குறைந்தது?

அது கார் குறைப்பதற்காக வந்த திட்டம் இல்லை. அந்தக் கோலால் அதை அளக்கவும் கூடாது. 2021 மே மாதம் பதவியேற்ற நாளிலேயே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணைகளில் அது ஒன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயனடைந்த பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்ணுக்கு அது ஒரு மாத மளிகையில் ஒரு பகுதி.

இதில் ஏறிய பெண்களில் பெரும்பாலோர் முன்பு காரில் போனவர்கள் இல்லை. நடந்தார்கள், ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தார்கள், அல்லது போகாமலே இருந்தார்கள். கரிமக் கணக்கில் இந்தப் புதிய பயணங்களுக்கு மதிப்பெண் இல்லை. அதனால் என்ன? மருத்துவமனைக்குப் போகாமல் இருந்த பாட்டி இப்போது போகிறார் என்றால் திட்டம் வேலை செய்கிறது. எல்லா நன்மையையும் டன் கணக்கில் நிறுத்தப் பார்ப்பது ஒரு நோய்.

எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு?

2024 தொடக்கத்தில் ஜெர்மனியில் சுமார் 4 கோடியே 90 லட்சம் கார்கள். அவற்றில் முழு மின்கார்கள் சுமார் 14 லட்சம். மாற்றம் வரும், மெல்ல வரும். அதுவரை ஓடப்போகும் பெட்ரோல் கார்களை என்ன செய்வது? தவிர, மின்கார் புகையைக் குறைக்குமே ஒழிய நெரிசலைக் குறைக்காது.

சரி, யார் காசு கொடுப்பது?

டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 150 கோடி யூரோ, மாநிலங்கள் சேர்ந்து 150 கோடி யூரோ. யார் கூடுதலாகத் தருவது என்ற சண்டை ஆண்டுதோறும் நடக்கிறது. ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் பயணியின் விலைதான் ஏறியிருக்கிறது. வியன்னா இன்னொரு வழி வைத்திருக்கிறது: முதலாளிகள் ஒவ்வொரு ஊழியருக்கும் வாரத்துக்கு 2 யூரோ சுரங்க ரயில் வரி கட்டுகிறார்கள். பிரான்சிலும் 11 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களிடம் சம்பளத்தின் மீது போக்குவரத்து வரி வசூலிக்கிறார்கள்; பாரிஸ் வட்டாரத்தில் இது 1971 முதல் இருக்கிறது. ஊழியர் நேரத்துக்கு வந்து சேர்வதால் லாபம் அடைவது நிறுவனம், அது கொடுக்கட்டும் என்பது வாதம். எனக்கு இது பிடித்திருக்கிறது. பட்ஜெட் சண்டையில் சிக்காத, தனக்கென்று ஒதுக்கிய பணம் இருந்தால்தான் பத்தாண்டுத் திட்டம் போட முடியும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதை உறுதி செய்யாமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் இருக்கிறது. 1981 அக்டோபரில் கென் லிவிங்ஸ்டன் தலைமையிலான பெருநகர மன்றம் கட்டணத்தைச் சராசரியாக 32% குறைத்து, செலவைச் சொத்துவரியில் ஏற்றியது. சுரங்க ரயிலே எட்டாத புரோம்லி பகுதியின் உள்ளாட்சி மன்றம் வழக்குப் போட்டது. எங்களுக்கு இல்லாத ரயிலுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்பதே அதன் கோபம். டிசம்பரில் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் அந்தக் கட்டணக் குறைப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்றார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. இரண்டு பஸ் கிராமத்துக்காரரின் கேள்வியை மேலே ஒரு வரியில் முடித்துவிட்டேன். புரோம்லி அதையே நீதிமன்றம் வரை கொண்டுபோனது.

ஒரு டன் கரிமத்தைக் குறைக்க இது ரொம்பச் செலவான வழி இல்லையா?

ஆம், கரிமம் ஒன்றே நோக்கம் என்றால். ஒன்பது யூரோ டிக்கெட்டுக்கு மத்திய அரசு கொடுத்தது 250 கோடி யூரோ. மிச்சமானதாகச் சொல்லப்பட்டது 18 லட்சம் டன். வகுத்தால் டன்னுக்கு ஏறக்குறைய 1,400 யூரோ. டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் 300 கோடியை மிகத் தாராளமான 67 லட்சம் டன்னால் வகுத்தாலும் டன்னுக்குச் சுமார் 450 யூரோ. 2024-ல் ஜெர்மனி எரிபொருள் மீது விதித்த கரிம விலை டன்னுக்கு 45 யூரோதான். இன்னொரு ஒப்பீடு: நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு வைத்தாலே ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் டன் குறையும் என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் அலுவலகம் 2020-ல் கணக்கிட்டது. அதற்கு ஆவது சில பலகைகளின் செலவு. ஆனால் அந்த நாட்டில் வேக வரம்பைப் பற்றிப் பேசினால் அரசு கவிழ்ந்துவிடும் என்ற பயம்.

ஆனால் அந்த 300 கோடி முழுவதையும் கரிமத்தின் தலையில் கட்டுவதும் தவறு. அதில் பெரும்பகுதி, ஏற்கெனவே பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்களின் பையில் மிச்சமாக நிற்கிறது. அவர்களில் பலர் கார் வாங்க வசதியில்லாதவர்கள். அந்தப் பணம் வீணாகவில்லை. அதற்கு ‘பருவநிலை நிதி’ என்று பெயர் சூட்டுவதுதான் பொய்.

அப்படியானால் காரை உண்மையில் குறைப்பது எது?

காருக்கு விலை வைப்பது. லண்டன் 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் வரும் காருக்கு நாளைக்கு 5 பவுண்டு என்றது. அன்றே 300 கூடுதல் பேருந்துகளையும் இறக்கியது. ஸ்டாக்ஹோம் இன்னும் பயனுள்ள பாடம், ஏனென்றால் அங்கே இரண்டையும் தனித்தனியே பார்க்க முடிந்தது. 2005 ஆகஸ்டில் சுமார் 200 புதிய பேருந்துகளை விட்டார்கள். கார்கள் அசையவில்லை. 2006 ஜனவரியில் நெரிசல் கட்டணம் தொடங்கியதும் நகர மையத்தின் எல்லைக் கோட்டைக் கடக்கும் வாகனங்கள் சுமார் 20% குறைந்தன. முதலில் எதிர்த்த நகர மக்களே, சோதனை முடிந்து வாக்கெடுப்பு வந்தபோது ஆதரித்தார்கள். சிங்கப்பூரில் 1990 முதல் கார் வாங்கவே உரிமச் சான்று ஏலத்தில் எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் அது ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. அங்குள்ள நம்மவர்கள் யாரும் ரயிலில் போவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை.

கூடுதல் பேருந்து மட்டும் காரை இறக்கவில்லை என்றால், மேலே அதற்கு ஏன் வாக்களித்தேன் என்று கேட்கலாம். கட்டணம் விதித்த அன்று காரை விட்டவர் ஏற ஒரு வண்டி வேண்டுமே. அது இல்லாமல் விதித்தால் அது வெறும் தண்டம். மக்கள் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்ப்பார்கள்.

சிலர் காரை விட்டால், அந்த இடத்தை வேறு கார்கள் நிரப்பிவிடாதா?

பெருமளவு நிரப்பிவிடும். நெரிசலுக்குப் பயந்து வீட்டில் இருந்தவர், சாலை கொஞ்சம் இளகியதும் வெளியே எடுப்பார். மலிவு டிக்கெட் மட்டும் தனியே போதாது என்பதற்கு இது இன்னொரு காரணம். காலியான இடத்தை உடனே பேருந்துத் தடமாகவோ, நடைபாதையாகவோ, சைக்கிள் பாதையாகவோ பூட்டிவிட வேண்டும். சாலை ஓரத்தில் இருபது கார் நிற்கும் இடத்தைப் பறித்துப் பாருங்கள், மலிவு டிக்கெட்டுக்குக் கைதட்டிய மேயர்களில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று தெரியும்.

எங்கள் நகரத்தில் இப்படி ஒன்றை அறிவித்தால், அது வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயணிகள் எண்ணிக்கையை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். அது கூடும் என்பது தெரிந்த விஷயம். முன்பு எதில் போனீர்கள் என்று பயணிகளிடம் கேட்ட ஆய்வு உண்டா, முக்கியச் சாலைகளில் வாகன எண்ணிக்கை உண்டா, நடையும் சைக்கிளும் எவ்வளவு குறைந்தன, புதிய வாகனப் பதிவு எப்படி நகர்கிறது என்று கேளுங்கள். கட்டணச் சலுகை இல்லாத ஒத்த நகரம் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளவெடுப்பு திட்டத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். ஒன்பது யூரோ டிக்கெட்டை 2022 மார்ச் கடைசியில் அறிவித்து ஜூனில் தொடங்கினார்கள். முந்தைய நிலையைப் பதிவு செய்ய ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது சில வாரங்கள். போதாததற்கு அதே நாளில் பெட்ரோல் வரியும் குறைந்தது. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் தளர்ந்து மக்கள் ஊர் சுற்றக் கிளம்பிய கோடையும் அதுவே. மூன்றில் எது எதைச் செய்தது என்று பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள். உங்கள் மாநகராட்சி ஆறு மாதம் முன்னதாகவே சாலைச் சந்திப்புகளில் வாகனங்களை எண்ணத் தொடங்கினால், அதற்கு ஆகும் செலவு ஒரு பேருந்தின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.